நாற்காலிக்கு எதற்குச் சான்றிதழ்?



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் உடல்நலமும் சமூகமும் என்ற வரம்புக்குள் எதைப் பற்றியும் பேசலாம் என்று அழைப்புக் கடிதத்தில் இருந்தது. நாள்பட்ட வலியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஒருங்கிணைப்பாளர் சற்றுத் தயங்கிவிட்டு, “கொஞ்சம் நம்பிக்கை தர்ற மாதிரி இருக்கட்டும் மேடம், பிள்ளைங்க நிறைய வருவாங்க” என்றார். நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

புறநானூற்றிலிருந்து தொடங்குகிறேன். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு முதுகில் புண் பட்டது. மார்பில் பட்டால் அது விழுப்புண், வீரனுக்கு அணி. முதுகில் பட்டால் புறப்புண், இழுக்கு. நாணம் தாங்காமல் அவன் வடக்கிருந்து உயிர்விட்டான். அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று வென்றவனிடமே கேட்கிற துணிவு புலவர் வெண்ணிக் குயத்தியாருக்கு இருந்தது; அது தனிக்கதை. வேல் மார்பில் பாய்ந்தாலும் முதுகில் பாய்ந்தாலும் வலிக்கத்தான் செய்யும். எவ்வளவு வலித்தது என்று யாரும் கேட்கவில்லை. புண் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அப்படியானால் புண்ணே வெளியில் தெரியாதவர் கதி என்ன? இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

வலியை மதிக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். அலகு குத்திக் காவடி எடுத்து வருகிறவரின் காலில் வழிநெடுகத் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிறோம். பிரசவ வலி என்றால் தெருவே எழுந்து நிற்கும். காலில் மாவுக்கட்டோடு பேருந்தில் ஏறினால் கேட்காமலே இடம் கிடைக்கும். இந்த வலிகளுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இருக்கிறது, இன்ன நாளில் தீரும் என்ற கெடு இருக்கிறது. மூன்றும் இல்லாத வலி வீட்டுக்குள் வந்துவிட்டால் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. முதல் மாதம் கஷாயம் வரும். மூன்றாம் மாதம் ஆலோசனை வரும். வருஷம் திரும்பினால் சந்தேகம் வரும்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டுவிட்டுத் திரும்பி வருகிற வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீண்ட காலம் அதற்கெனத் தனி அதிகாரம் கிடையாது. வேறு ஏதோ நோயின் அறிகுறியாக ஒட்டிக்கொண்டிருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தில்தான் சில வலிகள் தாமே நோய் என்று தனிக் குறியீடு பெற்றன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2020-இல், சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலிக்கான தன் வரையறையைத் திருத்தி எழுதியது. திசுவில் சேதம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. சேதம் நேர்ந்தது போன்ற அனுபவமே போதும். கூடவே ஒரு குறிப்பும் சேர்த்தார்கள்: வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும். உலக நிபுணர்கள் கூடி உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயமா இது என்று தோன்றும். எழுத வேண்டியிருந்தது.

எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பெல்லாம் தசைவலி, விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் தூங்காத அசதி. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் எதுவும் தெரியாது. “எல்லாம் நார்மல்” என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது கொடுப்பவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருக்கும். நாமும் மலர வேண்டும் என்று எதிர்பார்ப்பார். 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். உடம்பில் 18 இடங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது; 11 இடங்களில் வலித்தால் நோய் உண்டு. 2010-இல் வந்த புதிய அளவுகோல் அழுத்திப் பார்ப்பதைக் கைவிட்டுவிட்டு, எங்கெங்கே வலி, தூக்கம் எப்படி, அசதி எப்படி என்று நோயாளியிடமே கேட்கச் சொன்னது. மருத்துவரின் கட்டைவிரலிலிருந்து நோயாளியின் வாய்க்கு வந்துசேர இருபது ஆண்டுகள் பிடித்தன.

அந்த வலி எப்படி இருக்கும் என்று நீட்டி முழக்குவதைவிட ஒரு காலைப்பொழுதைச் சொல்லிவிடுகிறேன். காஸ் லைட்டரைக் கட்டைவிரலால் அழுத்த வராது. அதன் அடிப்பாகத்தை அடுப்பு மேடையில் முட்டுக்கொடுத்து, உள்ளங்கையால் அமுக்குவேன். ‘டக்’ என்று பொறி விழும்போது தோள்பட்டை வரை சுண்டி இழுக்கும். மாவுப் பாத்திரத்தை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து ஒரே மூச்சில் தூக்க முடியாது என்பதால் மாவு எப்போதும் இரண்டு சிறிய டப்பாக்களில்தான் இருக்கும். ஈரத்துணியைப் பிழியக் கை ஒத்துழைக்காது. குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கியும் பாதித் தண்ணீர் நின்றுவிடும். சொட்டச் சொட்டத்தான் கொடியில் போடுவேன். கீழ்வீட்டு அம்மா என் மாமியாரிடம், “உங்க மருமகளுக்குத் துணி பிழியக்கூட உடம்பு வணங்கலையா?” என்று கேட்டது மாடிப்படியில் நின்ற என் காதில் விழுந்தது. பத்து மணிக்கெல்லாம் கஞ்சி போட்ட புடவையில் வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். காலையில் பார்த்தவருக்குச் சோம்பேறி, பத்து மணிக்குப் பார்த்தவருக்கு ஆரோக்கியசாலி. இரண்டும் ஒரே ஆள்தான் என்பது யாருக்கும் பிடிபடவில்லை.

நல்ல நாள்தான் பெரிய கண்ணி. வலி கொஞ்சம் தணிந்த ஒரு நாளில் உறவுக் கல்யாணத்துக்குப் போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வந்தால், மறுநாள் படுக்கையோடு கிடக்க வேண்டிவரும். விடுப்புக் கேட்டால், “நேத்து மண்டபத்துல பார்த்தேனே, நல்லாத்தானே இருந்தீங்க?” என்பார்கள். பார்த்தது பொய்யில்லை. நேற்றைய சிரிப்புக்கு இன்று வட்டி கட்டுவதைத்தான் அவர்கள் பார்க்கவில்லை.

மருத்துவரிடம் போவதிலும் வேஷப் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போனால், “பார்த்தா நோயாளி மாதிரியே தெரியலையே” என்பார். கசங்கிய புடவையோடு போனால், “வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?” என்பார். அழுதால் மனநோய், அழாவிட்டால் வலி இல்லை. என்னைப் போன்ற பெண்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். எந்த முகத்தோடு போனால் நம்புவார்கள் என்று ஒத்திகை பார்க்காத ஒருத்தியைக்கூட இன்னும் சந்திக்கவில்லை.

இந்த ஒத்திகைக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. சைலஸ் வெயர் மிட்செல் என்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நரம்பு மருத்துவர் இருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். புண் ஆறிய பிறகும் தீயாய் எரிகிற நரம்பு வலியை விரிவாக எழுதிவைத்தார். வெட்டி எடுத்த கை கால்களில் வலி தொடர்வதை ‘மாய உறுப்பு’ என்று 1871-இல் பெயரிட்டு உலகுக்குச் சொன்னவரும் அவர்தான். அதே போர்க்காலத்தில், எந்தச் சிப்பாய் நடிக்கிறான் என்று கண்டுபிடிக்கும் வழிகளைப் பற்றியும் சகாக்களோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். ஒரே கை இரண்டையும் எழுதியது. போர் முடிந்த பின் அவரிடம் வந்த பெண்களுக்கு அவர் கொடுத்தது ‘ஓய்வுச் சிகிச்சை’: வாரக்கணக்கில் படுக்கை, வேண்டிய மட்டும் சாப்பாடு, படிப்பும் எழுத்தும் கூடாது. 1887-இல் அப்படிப் படுக்க வைக்கப்பட்டவர்களில் ஒருவர் எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன். ஐந்து ஆண்டுகள் கழித்து ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்ற சிறுகதையில் அவர் பழிதீர்த்துக்கொண்டார். தீர்த்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அந்த மாய உறுப்புக்கு நம் ஊரோடும் ஓர் உறவு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் கலிஃபோர்னியாவில் ஒரு பெட்டிக்குள் நிலைக்கண்ணாடியை நிறுத்திச் சோதனை செய்தார். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரிந்ததும், சிலருக்கு வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த மாயக் கை தளர்ந்தது, வலியும் குறைந்தது. இல்லாத கையில் உண்மையான வலி! 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் சொன்ன கொள்கையும் இந்தத் திசையில்தான் போகிறது: அடிபட்ட இடத்துச் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை, தண்டுவடத்திலேயே அது கூட்டவும் குறைக்கவும் படுகிறது. ஆக, திசுவில் ஒன்றும் இல்லாமல் வலி மட்டும் இருப்பது மாயமும் அல்ல, நடிப்பும் அல்ல. கை இழந்தவர் வலிக்கிறது என்றால் யாரும் அவரைப் பொய்யர் என்பதில்லை, இழப்பு கண்ணுக்குத் தெரிவதால். எல்லா உறுப்பும் இருப்பவர் அதையே சொன்னால் ஏன் பல்லைக் கடிக்கிறோம்?

காரணம் தெரியாத வலி பார்ப்பவரைத்தான் அதிகம் பயமுறுத்துகிறது என்பது என் எண்ணம். நமக்கும் வந்துவிடுமோ என்ற பயம். அதனால் அவசர அவசரமாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து நோயாளியின் தலையில் கட்டிவிடுகிறோம். “முடக்கத்தான் தோசை சாப்பிடச் சொன்னேனே, சாப்பிட்டியா?” என்று தொடங்கும். பிரண்டைத் துவையல், விளக்கெண்ணெய் ஒத்தடம், மூச்சுப் பயிற்சி, போன ஜென்மத்துப் பாவம், குலதெய்வத்துக்குச் செய்யாமல் விட்ட பொங்கல். சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். முடக்கத்தான் தோசை எனக்கும் பிடிக்கும். ஆனால் இத்தனை வைத்தியத்தின் அடியிலும் ஒரு வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது: சொன்னதைச் செய்திருந்தால் சரியாகியிருக்கும். வலி நம் தப்பாகிவிடுகிறது.

சூலை நோய் கண்ட அப்பரின் கதையைப் பெரியபுராணத்தில் படிக்கிறபோதெல்லாம் எல்லோரும் அவர் பாடிய பதிகத்தை நினைக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய இடம்தான் நிற்கிறது. சமண மடத்தில் எத்தனையோ மந்திரம் செய்தும் வயிற்று வலி அடங்கவில்லை. அதுவரை பெரிய ஆசிரியராக இருந்தவர், சமணரின் பாயுடையை விட்டு, வெள்ளைப் புடவையைச் சுற்றிக்கொண்டு, கைகொடுப்பவரின் மேல் ஊன்றிக்கொண்டு, யாரும் காணாதபடி இரவில் தமக்கையிடம் போகிறார். புலவர் இதை மதமாற்றத்தின் ரகசியமாகச் சொல்கிறார். வலியோடு நடக்கிறவர்கள் ஆள் பார்க்காத நேரமாகப் பார்த்து நடப்பதற்கு வேறு காரணமும் உண்டு என்று எனக்குத் தெரியும். திலகவதியார் ஒரு கேள்வியும் கேட்காமல் திருநீறு கொடுத்து அழைத்துப் போகிறார். அப்படி ஓர் அக்கா எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இதுவரை சொன்னதெல்லாம் நடுத்தர வர்க்கத்து வலி. விடுப்பு கிடைக்கும், சம்பளம் வரும், பேச மேடையும் கிடைக்கும். வெளியே வருவோம்.

2006-இல் சிக்குன்குனியா வந்தது இங்கிருக்கும் மாணவர்களுக்கு நினைவிருக்காது. 1964-இல் சென்னையைப் படுத்தியெடுத்துவிட்டுப் போன காய்ச்சல், பிறகு பல ஆண்டுகள் காணாமல் போய், 2005 கடைசியில் திரும்பியது. 2006-இல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு அது வந்திருக்கலாம் என்பது அரசின் கணக்கு. நேரடி மரணம் இல்லை என்பதும் அதே கணக்குத்தான். அதனால் பதற்றம் சீக்கிரம் தணிந்தது. கொல்லாத நோய் செய்தியாகாது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. முட்டியும் கணுக்காலும் மணிக்கட்டும் விடவில்லை. பலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் மூட்டுவலி நீடித்தது. “சிக்குன்குனியா வந்ததுலேர்ந்து முட்டி போச்சு” என்று இன்றும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சொல்வார்கள். ஒரு வீட்டில் மூன்று பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பிடத்துக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த மூட்டுகளை யாரும் எண்ணவில்லை.

அதே 2006-இல்தான் நூறு நாள் வேலைத் திட்டமும் முதல் கட்ட மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் வயதானவர்கள் நிறைய. வெட்டிய மண்ணை அளந்து கூலி. விரைவிலேயே டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே வசனம் கேட்கத் தொடங்கியது: “மரத்தடியில உக்கார்ந்து கதை பேசிட்டுச் சம்பளம் வாங்குறாங்க.” உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வெயிலுக்கும் உட்கார்ந்திருப்பார்கள், அலுப்புக்கும் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் முப்பது வருஷம் நாற்று நட்டுக் களை பறித்த இடுப்பையும், காய்ச்சலில் போன முட்டியையும் வைத்துக்கொண்டு மண்வெட்டி பிடித்த அம்மாவும் அந்த மரத்தடியில் இருந்தார். நடவு நட்ட காலத்தில் அவர் குனிந்த முதுகை யாரும் பார்க்கவில்லை. உட்கார்ந்ததும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டார்.

நீலகிரிக்குப் போனால் இன்னொரு விதம். அரிவாள் செல் மரபுக்கூறு இந்தியாவில் இருப்பது 1952-இல் அங்குள்ள பழங்குடி மக்களிடம்தான் முதன்முதலில் கண்டறியப்பட்டது. சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும்போது எலும்புக்குள்ளிருந்து வலி கிளம்பும். குளிர், நீர்ச்சத்துக் குறைவு, மிகுந்த உழைப்பு இவை அதைத் தூண்டும். மலையில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. நேற்று பந்து விளையாடிய பையன் இன்று எழுந்து நிற்க முடியாமல் கிடப்பான், நாளை மறுநாள் மறுபடி ஓடுவான். நோய் தெரியாத ஆசிரியருக்கு அது பள்ளிக்கு மட்டம் போடுகிற வித்தையாகத்தான் தெரியும். அவனிடம் ஒரே ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது: ரத்தப் பரிசோதனை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 பிரிவுகளில் அரிவாள் செல் நோய் உண்டு. நாள்பட்ட வலி என்று ஒரு பிரிவு இல்லை. இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 விழுக்காடு பாதிப்பு என்று மருத்துவக் குழு எழுதித் தர வேண்டும். நுண்ணோக்கியில் தெரிகிற வலிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மற்றதெல்லாம் வாசலில் நிற்கிறது.

வலியை உடனே நம்புகிற இடமும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலியென்று சொன்ன பெண்களுக்கு, பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளை வேலையிடத்திலேயே கொடுத்தது 2019-இல் ஒரு செய்தி நிறுவனத்தின் விசாரணையில் வெளிவந்தது. அங்கே யாரும் சான்று கேட்கவில்லை. தையல் இயந்திரம் நிற்கக் கூடாது அல்லவா? நம்புவதற்கு நமக்குத் தெரியாமல் இல்லை. நம்பினால் யாருக்கு லாபம் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களைத் திரட்டி, விஜி என்ற தையல் தொழிலாளியின் தலைமையில் பெண்கூட்டு அமைப்பு உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடியது. 2018-இல் கேரளம் அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடு 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. சென்னை ரங்கநாதன் தெருவைக் களமாகக் கொண்டு கடை ஊழியர்கள் படும் பாட்டைச் சொன்ன ‘அங்காடித் தெரு’ திரைக்கு வந்தது 2010-இல். அதைப் பார்த்து எல்லோரும் கண் கலங்கினோம். கண்ணீருக்கும் நாற்காலிக்கும் இடையில் பதினோரு ஆண்டுகள். எல்லாக் கடையிலும் நாற்காலி வந்துவிட்டதா, வந்த இடத்தில் உட்கார விடுகிறார்களா என்பதைத் தீபாவளிச் சமயத்தில் நீங்களே போய்ப் பாருங்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் அலட்சியம். யாருக்குக் கால் வலிக்கிறது, எத்தனை விழுக்காடு வலிக்கிறது, மருத்துவச் சான்று எங்கே என்றெல்லாம் அது கேட்பதில்லை. எல்லோருக்கும் நாற்காலி போடு என்கிறது, அவ்வளவுதான். வலி உள்ளவர் உட்கார்ந்துகொள்வார். நிரூபிக்கிற பாரம் அவர் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. வலியில் இருப்பவரை நம்புங்கள் என்று நானும் முன்பு எழுதியிருக்கிறேன்; அது நல்ல வேண்டுகோள்தான். ஆனால் நம்பிக்கை ஆளுக்கு ஆள் மாறும், மாமியார் நம்பினால் மேலாளர் நம்ப மாட்டார். நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடக்கிற மாதிரி காரியங்களை அமைத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஏமாற்றுபவர்கள் உட்கார்ந்துகொள்ள மாட்டார்களா? உட்காருவார்கள். மருத்துவ விடுப்புப் போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனவர்களை நமக்கெல்லாம் தெரியும், நம்மிலேயே சிலர் இருப்போம். வலியில்லாத பத்துப் பேர் உட்கார்ந்தால் நஷ்டம் பத்து நாற்காலி. அந்தப் பத்துப் பேரைப் பிடிப்பதற்காக வலியோடு வந்தவர் ஒவ்வொருவரையும் கூண்டில் ஏற்றுகிறோமே, அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

இதைவிடக் கடினமான கேள்வி வீட்டுக்குள் இருக்கிறது. அதற்கு என்னிடம் சட்டம் இல்லை. என் கணவர் என் வலியை ஒருநாளும் சந்தேகித்ததில்லை. ஆனால் நம்பியதற்கு அவர் கொடுத்த விலை உண்டு: ராத்திரிப் பாத்திரம் அவருடையது, தண்ணீர்க் கேனைக் கவிழ்ப்பது அவருடையது, “எங்கேயும் சேர்ந்து வர மாட்டேங்கிறீங்களே” என்ற உறவினர் பேச்சும் அவருடையது. ஒருநாள் பாத்திரத்தை ‘டம்’ என்று வைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. உடன் இருப்பவருக்கும் உடம்பு உண்டு, அலுப்பு உண்டு. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என்று மருத்துவத்தை நான்காகப் பிரித்த வள்ளுவர் அந்த நான்காம் ஆளை மறக்கவில்லை. நம் மருத்துவமனைகள் அவரை வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்திருக்கின்றன. அவருக்கான விடுப்பு, அவருக்கான ஓய்வு பற்றி இங்கே பேச்சே தொடங்கவில்லை. இன்னொரு ஆண்டு இந்த அறக்கட்டளையில் அவர்களில் ஒருவரைப் பேச அழையுங்கள். நான் பார்வையாளர் வரிசையில் இருந்து கேட்கிறேன்.

கல்லூரி முதல்வர் அவர்கள் முன்வரிசையில் இருப்பதால் ஒரு விண்ணப்பம். அடுத்த மாதம் பருவத் தேர்வு. மூன்று மணி நேரம் கண்காணிப்பாளர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது பல கல்லூரிகளில் எழுதாத விதி. தேர்வு அறை ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். எந்தப் பேராசிரியருக்கு வேண்டும் என்று பட்டியல் கேட்டுச் சுற்றறிக்கை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மைக் பின்வரிசைக்கும் போகட்டும்.